ஒன்றாம் எண் கட்டில்

குழந்தை விழித்துக்கொள்ளட்டும், அதுவரைக்கும் கட்டிலை அசைக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. முடிவு செய்தது அந்த வீட்டு மருமகள். "இப்பதான் கண் அசந்தான். எழுப்பிட்டா சாயங்காலம் வரைக்கும் அழுவான்" என்று அவள் தணிந்த குரலில் சொன்னதும், எட்டு மாதமாக எந்த வாசலிலும் பொறுமை காட்டாத தங்கபுஷ்பம்கூட ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அருங்காட்சியக அதிகாரி ஒருத்தியைப் பத்து மாதப் பயல் ஒருவன் தூங்கியே அடக்கிவிட்டதில் பூபதிராஜாவுக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்கு அடியில் பயமும் இருந்தது. எழுபது வயது ஆளுக்கு இனிமேல் என்ன பயம் என்று தன்னையே அதட்டிப் பார்த்தார், அது அடங்குகிற வழியாக இல்லை. அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து உள்ளறை தெரிந்தது. கண்ணாடி ஓட்டின் வழியாக ஒரு கை அகலத்துக்கு வெயில் இறங்கி, கருங்காலித் தலைமாட்டில் விழுந்திருந்தது. கொசுவலைக்குள் ஒரு சின்னப் பாதம். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டக்கென்றது. பவுடர் வாசனையும் பால் வாசனையும் கலந்து வந்தன. அந்தப் பாதம் அசைந்தால் முடிந்தது. குழந்தையைத் தூக்குவார்கள், கட்டிலைச் சாய்ப்பார்கள், கால்மாட்டுச் சட்டத்தின் அடியில் யாளி முத்திரையும் அதற்குக் கீழே ஒன்று என்ற எண்ணும் தெரியும். இதுதான் என்று அவர் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு தங்கபுஷ்பம் கேட்பாள், இது இங்கே எப்படி வந்தது சார் என்று. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பது அவர் ஒருவர்தான். ஒன்பது வயதிலிருந்து அவருக்குத் தெரியும்.

மாட்டுக்குப் போடுகிற சூட்டை நாற்காலிக்கும் போட்ட வம்சம் அவருடையது. பொன்னிலைக்கோட்டை அரண்மனையில் மரச்சாமான் ஒவ்வொன்றுக்கும் அடிப்பக்கம் சூட்டுக்கோலால் முத்திரையும் எண்ணும் உண்டு. மாடு ஓடிப்போகும், மேசை எங்கே ஓடும் என்று யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை கேட்டுச் சிரித்தானாம். ஓடித்தான் போயின. தாத்தா, ஊரெல்லாம் பெரியராஜா என்று சொன்ன அவர், கண்ணை மூடிய பிறகு ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்விட்டன. அரண்மனையை அருங்காட்சியகம் ஆக்கியபோது பழைய பட்டியலில் இருந்த முப்பத்திரண்டில் ஒன்றுகூட உள்ளே இல்லை. அடையாளம் காட்ட ஓர் ஆள் வேண்டும் என்று துறை கேட்டது, வீட்டில் சும்மா பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவரும் வருகிறேன் என்றார். நன்றாகத்தான் இருந்தது. பெரிய நிலைக்கண்ணாடி ஒரு சலூனில் கிடைத்தது, அதன்முன் பாதி முகச்சவரத்தோடு இருந்த ஆள் எழுந்து ராஜாவுக்குக் கும்பிடு போட்டான். எழுதுமேசை ஒரு ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாடையோடு நின்றது. சாய்வு நாற்காலி இரண்டும் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை பெண் உட்காரச் சிவப்பு வெல்வெட் சுற்றிக்கொண்டு இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் குனிந்து எண்ணைத் தடவிப் பார்க்கும்போது அவருக்கு உடம்பு சிலிர்க்கும். முப்பத்தொன்று கிடைத்தாயிற்று. கட்டில் மட்டும் கிடைக்கக் கூடாது என்று அவர் வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொண்டதோடு நிற்கவில்லை. கட்டிலா, அது கொச்சிப் பக்கம் போயிருக்கும் மேடம் என்றார். கொச்சிக்குப் போனார்கள். காரைக்குடியில் பார்க்கலாம் என்றார். அங்கேயும் போனார்கள், கடை கடையாக ஏறி இறங்கினார்கள். இந்த அக்ரகாரம் அரண்மனையிலிருந்து ஏழு மைல். இந்த ஊர்ப் பெயரை அவர் வாயிலிருந்து ஒரு தடவைகூட விடவில்லை. கடைசியில் இந்த வீட்டு மருமகள் குழந்தையைப் படம் எடுத்து ஃபோனில் போட, அது யார் யாருக்கோ போய், குழந்தையின் தலைக்குப் பின்னால் இருந்த யாளியைத் தங்கபுஷ்பம் பார்த்துவிட்டாள். குழந்தைகள் என்றால் எல்லோருக்கும் பிடிக்கத்தானே செய்கிறது.

முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள். ஊரே ராஜா என்று கூப்பிடும் மனிதரை அவள் மட்டும் சார் என்றுதான் கூப்பிட்டாள். "சார், நான் சாமான் அறை மாசானத்தோட மகள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்" என்றாள். ஞாபகம் இருக்கிறது என்றார். வேறு என்ன சொல்வது. "மத்த சாமானெல்லாம் கெடைக்காட்டாலும் பரவாயில்ல சார். கட்டில் கெடைக்கணும். எங்க அப்பா எடுக்கலன்னு எங்க அம்மா சாகுற வரைக்கும் சொல்லிட்டு இருந்தா. இப்ப நான் சொல்லுதேன். ஒரு நாளாவது காட்டணும்லா" என்றாள். அழவெல்லாம் இல்லை, ஊருக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரல்தான். மாசானத்துக்கு வேலை போன மறு வருடம் பிறந்தவள் அவள். கட்டில்காரன் மகள் என்றுதான் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயராம். படித்து, பரீட்சை எழுதி, எங்கெங்கோ வேலை பார்த்து, கேட்டு வாங்கிக்கொண்டு இந்த அரண்மனைக்கே வந்திருக்கிறாள். அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறாள். பள்ளியறையில் கட்டில் கிடந்த இடத்தில் தரையில் நாலு சதுரம் வெளுத்திருக்கும். அதைச் சுற்றிக் கயிறு கட்டி, யாரும் மிதிக்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறாள். ஒன்றுமில்லாத தரையைச் சுற்றிக் கயிறு கட்டுகிற அதிகாரியை அவர் வேறெங்கும் பார்த்ததில்லை.

வீட்டுக்காரர் அனந்தநாராயணன் மோர் கொண்டுவந்து வைத்தார். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தைந்து வயதிருக்கும், வந்தவர்களுக்கு ஏதாவது உபயோகமாகச் சொல்ல வேண்டுமே என்ற ஆசை முகத்திலேயே தெரிந்தது. "இது எங்கப்பா காலத்துல வந்தது" என்றார். "அப்பா வைதீகம். அரண்மனைக்கெல்லாம் போய்ப் பண்ணி வெச்சிருக்கார். அங்க சாமான்லாம் பாத்துண்டிருந்த மனுஷர் ஒருத்தர் இதை வண்டில ஏத்திண்டு வந்து வித்துட்டுப் போனாராம். அம்மா சொல்லிக் கேட்டிருக்கேன். பேரெல்லாம் தெரியாது." மோர் டம்ளரைப் பாதி உயரத்தில் பிடித்தபடி தங்கபுஷ்பம் அப்படியே இருந்தாள். பிறகு குடித்தாள். முழுவதும் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்து, புடவை நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை. சாமான்கள் பார்த்துக்கொண்டிருந்த மனுஷர். பூபதிராஜாவுக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த வைதீகர் வீட்டில் பொய் சொல்லியிருக்கிறார். சொல்லாமல் என்ன செய்வார், செத்தவனுக்காகத் தானம் வாங்கிய கட்டில் என்று சொன்னால் பெண்டாட்டி அதை வாசலுக்கு இந்தப் பக்கம் விட்டிருப்பாளா. யாரோ விற்றான் என்று சொல்லியிருப்பார், யார் என்று அவள் நோண்டியிருப்பாள், வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார். அவர் வாயில் வந்தது மாசானம். இனி ஒன்றும் செய்ய வேண்டாம், அவர் பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் தானாக முடிந்துவிடும், இந்தப் பெண் தன் கையாலேயே தன் அப்பனைத் திருடன் என்று எழுதிக்கொண்டு போய்விடுவாள். உள்ளே குழந்தை ஒரு பெருமூச்சு விட்டது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

தாத்தா ஆறேகால் அடி உயரம். அதற்காகவே மலையிலிருந்து மரம் இறக்கிச் செய்த கட்டில் அது. அப்பா முன்னமே போய்விட்டபடியால், பட்டத்துக்கு வருகிறவன்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்ற வழக்கப்படி ஒன்பது வயதுப் பையன் கொள்ளி வைத்தான். எல்லாம் சித்தப்பா பார்த்துக்கொண்டார். பதினாறாம் நாள் தலைப்பாகை கட்டினார்கள், அது நெற்றியில் இறங்கி இறங்கி வந்தது. முற்றத்தில் ஒரு நாடாக் கட்டில், மெத்தை, தலையணை, குடை, செருப்பு, விசிறி. சய்யா தானம், போனவர் அங்கே இதில்தான் படுத்துக்கொள்வார் என்று வைதீகர் சொன்னார். எள்ளும் தண்ணீருமாகக் கையில் விட்டு, சொல்லச் சொன்னதைச் சொன்னான். சொல்லும்போதே கட்டிலை அளந்தான். அது அவன் நீளத்துக்குச் சரியாக இருந்தது. அவன் நீளம்தான். தாத்தா இதில் படுத்தால் முழங்காலுக்குக் கீழே வெளியே தொங்கும். தாத்தாவுக்குக் காலில் குளிர் தாங்காது, கால்மாட்டில் அவனைப் படுக்க வைத்துக்கொண்டு, நீதான்டா எனக்குக் கம்பளி என்பார். அந்தப் பாதங்களின் சொரசொரப்பு, இதோ, இந்த மோர் டம்ளரின் குளிர்ச்சிக்கு நடுவே அவர் கன்னத்தில் படுகிறது. எல்லோரும் பந்தியில் இருந்தபோது பின்வாசலில் வண்டி வந்து நின்றது. வைதீகர் ஊரிலிருந்து வந்த இரண்டு ஆட்கள், அரண்மனைக்குப் புதுசு. பையன் அவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய், அது இல்ல, இது, என்று காட்டினான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைப்பாகையைப் பார்த்தார்கள். ராஜா சொன்னால் சரி என்று முளைகளைத் தட்டிக் கழற்றினார்கள். கழற்றுவதற்கு முன் அவன் ஒரு காரியம் செய்தான். முக்காலியில் இருந்த கூஜாவை எடுத்து, கட்டிலின் மேல் தண்ணீர் விட்டு, முற்றத்தில் சொன்னதில் ஞாபகம் இருந்தவரை சொன்னான். எள் கிடைக்கவில்லை. நாடாக் கட்டிலை உள்ளே போட்டு, தாத்தாவின் பட்டு விரிப்பால் தரைவரைக்கும் மூடச் சொன்னான். வண்டி மறைகிறவரை பின்வாசலில் நின்று பார்த்தான். தன் வாழ்நாளில் அதைப் போல ஒரு காரியத்தைச் சரியாகச் செய்ததாக அவருக்கு இன்றுவரை நினைவில்லை.

ஒரு வருடம் அறையைப் பூட்டி வைப்பது வழக்கம். சாவி மாசானத்திடம். வருட முடிவில் திறந்து விரிப்பை இழுத்தார்கள், நாடாக் கட்டில் இளித்தது. தானம் கொடுத்த கட்டில் இது மாதிரிதானே, இது எப்படி இங்கே என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆயிரம் பேர் பார்க்க முற்றத்திலிருந்து நாடாக் கட்டில் தானம் போயிற்றே. அப்படியென்றால் இது மாசானம் கொண்டுவந்து போட்ட கட்டில், அது அவன் கொண்டுபோன கட்டில். சித்தப்பா சாவிக்கொத்தைக் கயிற்றில் கோத்து மாசானம் கழுத்தில் மாட்டி, காலையிலிருந்து பொழுது சாயும்வரை கோட்டை வாசலில் நிற்க வைத்தார். சந்தை நாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். மாடிச் சன்னலில் இருந்து பையனும் பார்த்தான். மாசானம் ஒரு தடவை நிமிர்ந்தார். சன்னலில் ராஜா நிற்பதைக் கண்டதும், பழக்கதோஷம், கழுத்துச் சாவிகள் குலுங்கக் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். தொண்டைவரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தான். அடிப்பார்கள், அடிக்கட்டும். ஆனால் உடனே வண்டி கட்டிக்கொண்டு போய்க் கட்டிலைத் தூக்கி வந்துவிடுவார்கள். தாத்தா அங்கே தூங்கிக்கொண்டிருப்பார், திடீரென்று அடியிலிருந்து உருவிவிடுவார்கள், வெறுந்தரையில் விழுவார். பையன் சன்னல் கதவைச் சாத்திவிட்டான். அது ஒரு குழந்தையின் நியாயம். பன்னிரண்டு வயதில் அந்த நியாயம் போய்விட்டது. இருபதில் சிரிப்பு வந்தது. ஆனால் அதற்குள் சொல்லாமல் இருப்பது பழகிப்போயிற்று. மாசானம் நாலு மைல் தள்ளி ஒரு அரிசி மில்லில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். அந்த வழியாகக் காரில் போகும்போது பூபதிராஜா மறுபக்கம் இருக்கிற வயலைப் பார்ப்பார். வருடத்துக்கு எத்தனை தடவை, எத்தனை வருடம், அந்த வயலில் எந்தப் பூவில் என்ன பயிர் போட்டார்கள் என்று இன்றைக்கும் சொல்வார். மாசானம் செத்த செய்தி வந்தபோது ஆள் மூலம் ரோஜா மாலை அனுப்பினார். பெரிய மாலை. அதை என்ன செய்தார்கள் என்று தெரியாது, இந்த எட்டு மாதத்தில் தங்கபுஷ்பம் சொன்னதில்லை, அவரும் கேட்கவில்லை.

இப்படிச் சொல்லலாம். சித்தப்பாதான் எங்கேயோ கொடுத்தார் போலிருக்கிறது என்று. சித்தப்பா செத்து நாற்பது வருடம், எந்தப் பழியையும் தாங்குவார். அவளுக்கும் அப்பா பேர் கிடைத்துவிடும், இந்த வீட்டிலும் சாவுக் கட்டில் என்ற பேச்சு வராது, குழந்தை நிம்மதியாகத் தூங்கும், நமக்கும். நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார், மூன்றாவது தடவை பாதியில் விட்டுவிட்டார். பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் கண் செருகியது. வண்டி போகிறது. வாய்க்கால் கரையோடு போகிறது, தாத்தா நீட்டிப் படுத்திருக்கிறார், இரண்டு பாதமும் கட்டிலுக்குள்ளேயே இருக்கின்றன. வெயில் ஒரு கை அகலத்துக்கு அவர் முகத்தில் விழுகிறது. பின்னாலேயே ஒரு ஆள் நடந்து வருகிறான், அவன் நடக்க நடக்கச் சாவி குலுங்குகிறது, கொஞ்சம் மெல்லப் போகச் சொல்லுங்கள் என்று தாத்தா சொல்கிறார், அந்த ஆளால் கூட வர முடியவில்லை பார். கட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டால் தாத்தா எதில் படுப்பார் என்று அவர் நினைத்தார். எழுபது வயதில், பேரன் பேத்தி எடுத்தவர், உண்மையாகவே அப்படி நினைத்தார். நினைத்ததும் வெட்கமாகிப் போய் விழித்துக்கொண்டார். தங்கபுஷ்பம் உள்ளறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதோரம் முடி முழுக்க நரைத்திருந்தது, மாசானத்துக்கும் அங்கேதான் முதலில் நரைத்தது. ஐயோ, இந்தப் பெண்ணை எட்டு மாதம் கொச்சிக்கும் காரைக்குடிக்கும் அலையவிட்டோமே என்று அவருக்கு அப்போதுதான் முதல்முறையாக வலித்தது. கொசுவலைக்குள் பாதம் அசைந்தது. ஒன்று, பிறகு இன்னொன்று. குழந்தை அழவில்லை. எழுந்து உட்கார்ந்து, தலைமாட்டு யாளியைப் பிடித்துக்கொண்டு, கூடத்தில் யார் என்று பார்த்தது.

மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். அனந்தநாராயணனும் பூபதிராஜாவும் மெத்தையை எடுத்துவிட்டுக் கட்டிலைச் சாய்த்தார்கள். கனம். தங்கபுஷ்பம் மண்டியிட்டு ஃபோன் வெளிச்சத்தை அடித்து, விரலால் தூசியைத் துடைத்தாள். யாளி. ஒன்று.

"இதுதானே சார்?"

"இதுதான்."

அவள் எழுந்து ஃபைலைத் திறந்தாள். அளவு எழுதினாள், மரம் எழுதினாள். அரண்மனையை விட்டுப் போன விதம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. "மாசானம் என்பவர் மூலம்னு எழுதுதேன் சார்" என்று எழுதத் தொடங்கினாள். குரல் பஸ் நேரம் சொல்கிற குரல்தான், கடைசி எழுத்து மட்டும் வரவில்லை. "வேற என்ன எழுத. எங்க அம்மா இல்லாதது நல்லதாப் போச்சு."

"எழுதாதீங்க" என்றார் பூபதிராஜா. "உங்க அப்பா இல்ல. நான்தான் அனுப்பினேன்."

சொல்லத் தொடங்கினால் நீளமாக இருக்கும் என்று அவர் அறுபது வருடமாக நினைத்திருந்தார். நாலைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. நாடாக் கட்டில், தாத்தாவின் கால், வண்டி, கூஜாத் தண்ணீர். சய்யா தானம் என்ற வார்த்தை வந்ததும் மருமகள் குழந்தையை இறுக்கிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள். அனந்தநாராயணன் சாய்த்த கட்டிலிலிருந்து கையை எடுக்கப் பார்த்தார், எடுத்தால் விழுந்துவிடும், பிடித்துக்கொண்டே நின்றார். "அப்படின்னா இது எங்களுக்குக் குடுத்ததா" என்றார் மெதுவாக. "குடுத்தது. திரும்பக் கேக்கிற உரிமை எங்க யாருக்கும் இல்ல" என்றார் பூபதிராஜா. அனந்தநாராயணனைப் பார்த்துப் பதில் சொல்வது அவருக்கு வசதியாக இருந்தது. தங்கபுஷ்பத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தார்.

அவள் எழுதியிருந்த வரியை ஒரே கோடாக அடித்தாள். பக்கத்தைப் புரட்டிப் புதுக் கட்டத்தில் அவர் சொன்னதை எழுதினாள். ஒரு வார்த்தை விடவில்லை. எழுதி முடித்து, நிமிராமலே கேட்டாள்.

"அப்ப உங்களுக்கு என்ன வயசு சார்?"

"ஒன்பது."

அதை எழுதினாள். "ஒன்பது வயசுப் பிள்ளைய என்ன சொல்ல முடியும்" என்றாள். பேனாவை எடுக்கவில்லை, அது அதே இடத்தில் ஊன்றியிருந்தது.

"எங்க அப்பா செத்தப்ப?"

குழந்தை ஏதோ சொன்னது. மருமகள் அதன் வாயைப் பொத்தினாள்.

"முப்பத்தேழு" என்றார்.

அவள் அதையும் எழுதினாள். பிறகு ஃபைலை அவர் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள்.